டிஜிட்டல் நாணயம் பற்றிப் படித்த பிறகு பணத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. உங்களுக்கும் அப்படியா?

#1 வழிப்போக்கன்

வணக்கம் நண்பர்களே.

விலை ஏறுமா, இறங்குமா என்று கேட்கும் இழைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. இது அதற்கானது இல்லை. ஏழெட்டு மாதமாகப் பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன், ஆரம்பித்தது பணம் பண்ணத்தான். ஆனால் இரண்டாவது வாரமே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை.

நான் ஒரு போட்டோவை உங்களுக்கு அனுப்பினால் அது உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். பாட்டு, ஃபைல் எதுவானாலும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் அனுப்புவது என்றாலே நகல் எடுப்பதுதான். அப்புறம் டிஜிட்டல் பணத்தை மட்டும் எப்படி அனுப்ப முடியும்? அனுப்பிய பிறகும் என்னிடம் இருந்தால் அதையே இன்னொருவருக்கும் அனுப்பிவிடலாமே.

இதற்குப் பதில் தேடும்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமாக வங்கிக் கணக்கிலிருந்து ஃபோனில் பணம் அனுப்புகிறேன், ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அங்கேயும் எதுவும் எங்கேயும் போவதில்லை. ஒரு வரியில் கழித்து, இன்னொரு வரியில் கூட்டுகிறார்கள். பிட்காயினைத் திறந்து பார்த்தால் அதற்குள்ளும் காசு என்று ஒரு பொருள் கிடையாது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு என்ற பதிவுகள் மட்டும்தான். அந்த நோட்டில் எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து ஹேஷ், அதாவது எந்தத் தகவலுக்கும் ஒரு கைரேகை மாதிரி எடுத்துக் கொடுக்கும் கணக்கு, எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தேன். இணையத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு அதை 64 எழுத்துகள் கொண்ட ஒரு கோவையாக மாற்றிக் கொடுக்கிறது. வாக்கியத்தின் கடைசியில் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். கோவை முழுக்க மாறிவிட்டது, பழையதற்கும் புதியதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புள்ளியை எடுத்தேன், பழைய கோவை அப்படியே திரும்பி வந்தது. பிட்காயின் பதிவேட்டின் ஒரு பக்கத்துக்குப் பிளாக் என்று பெயர், ஒவ்வொரு பிளாக்கும் தனக்கு முந்தைய பிளாக்கின் இந்தக் கோவையைச் சுமந்துகொண்டு வருகிறது. பழைய பக்கத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால்கூட அதற்குப் பின்னால் வந்த அத்தனை பக்கமும் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றைக்குப் பிறகு பணம் மட்டும் இல்லை, பத்திரம், சான்றிதழ், நாடுகளின் எல்லைக்கோடு எல்லாமே வேறு மாதிரித் தெரிகின்றன. எங்கோ ஒரு பதிவேடு இருக்கிறது, போதுமான பேர் அதை ஒப்புக்கொள்கிறார்கள், அதனால் அது உண்மையாக நிற்கிறது. காலுக்குக் கீழே இருந்த தரை கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்கிறது. இதைப் படித்த மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஆசை.

#2 பேரேடு

தம்பி, நல்ல கேள்வி. நான் 30 வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிரிப்டோ, அதாவது பிட்காயின் மாதிரியான நாணயங்கள், என் மகள் சொல்லிக்கொடுத்துத்தான் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தத் தரை நகர்வது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் மாதமே நடந்தது.

வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார். அதை வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் எந்தப் பக்கம் எழுத வேண்டும்? சொத்துப் பக்கம் என்று நினைத்தேன். என் மேலதிகாரி திருத்தினார். கைக்கு வந்த ரொக்கம் சொத்துதான். ஆனால் அவர் கணக்கில் ஏறும் தொகை வங்கியின் பொறுப்பு, அதாவது கடன். உங்கள் பாஸ்புக்கில் இருப்பது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. ‘என் பணம் வங்கியில் இருக்கிறது’ என்று எல்லோரும் சொல்கிறோம். சட்டப்படி பார்த்தால் வங்கிக்கு நீங்கள் கடன் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது இன்னும் பெரிசு. ஒருவருக்கு வங்கி கடன் கொடுக்கும்போது வேறொருவர் போட்ட பணத்தை எடுத்துக் கொடுப்பதாகத்தான் வெளியே நினைக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் அப்படி நடக்காது. கடன் கணக்கில் ஒரு வரி, அவருடைய சேமிப்புக் கணக்கில் அதே தொகைக்கு ஒரு வரி. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறும். யாருடைய கணக்கிலும் குறையாது. அந்த நொடியில் புதுப் பணம் பிறந்துவிட்டது. கடனைத் திருப்பிக் கட்டும்போது அது மறைந்துவிடும். இது ரகசியமும் இல்லை. இங்கிலாந்தின் மத்திய வங்கி 2014ல் தன் காலாண்டு இதழில் இதை விளக்கமாகவே எழுதியது. வங்கிகள் இஷ்டத்துக்கு உருவாக்கிவிட முடியாது, மூலதன விதிகள் இருக்கின்றன, வட்டி விகிதம் இருக்கிறது, திருப்பிக் கட்டத் தகுதியான ஆளும் வேண்டும். ஆனாலும் புழக்கத்தில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததுதான்.

இதைத் தெரிந்துகொண்டே 30 வருஷம் வேலை பார்த்தேன். ஆனால் ‘வேறு மாதிரியும் செய்யலாமோ’ என்ற கேள்வி பிட்காயினைப் பார்த்த பிறகுதான் எனக்கு வந்தது. அதற்காக அதற்கு நன்றி சொல்வேன்.

#3 கல்தச்சன்

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எனக்கு மாற்றம் வந்தது நோடு ஓட்டியபோது, அதாவது பிட்காயின் பதிவேட்டின் முழு நகலையும் வைத்துச் சரிபார்க்கும் மென்பொருளை ஓட்டியபோது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பெரிய டிஸ்க் போட்டு, 2009 ஜனவரி 3ல் உருவான முதல் பிளாக்கிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். 600 ஜிபிக்கு மேல் போகிறது, பல நாள் ஆனது. அது வெறும் டவுன்லோடு இல்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையின் கையெழுத்தையும், ஒவ்வொரு கூட்டலையும் என் மெஷினே முதலிலிருந்து சரிபார்க்கிறது. முதல் பிளாக்கில் அன்றைய லண்டன் டைம்ஸ் செய்தித் தலைப்பை, பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ பொதித்து வைத்திருக்கிறார். வங்கிகளைக் காப்பாற்ற இரண்டாவது முறையாக அரசுப் பணம் கொடுக்கும் நிலையில் நிதியமைச்சர் இருக்கிறார் என்ற தலைப்பு. தேதிக்குச் சான்றாகவும் இருக்கிறது, எதற்காக இதைச் செய்தேன் என்று சொல்வதாகவும் இருக்கிறது.

யாரையும் கேட்காமல், யார் அனுமதியும் வாங்காமல், ஒரு பணத்தின் முழு வரலாற்றையும் என் வீட்டில் வைத்துச் சரிபார்க்க முடிந்தது. வேறு எந்தப் பணத்தோடும் எனக்கு அந்த உறவு இருந்ததில்லை. அதற்குப் பிறகு எந்தத் தகவல் வந்தாலும் ‘இதை நானே சரிபார்க்க வழி இருக்கிறதா’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. செய்தியிலும் சரி, அலுவலகத்திலும் சரி.

#4 மின்மினி

ஒரு சந்தேகம். கல்லூரியில் படிக்கிறேன், தவறாக இருந்தால் மன்னிக்கவும். டிஜிட்டல் நாணயம் என்றால் பிட்காயின்தானா? அரசாங்கங்களும் டிஜிட்டல் நாணயம் வெளியிடுகின்றனவே?

#5 பேரேடு

மன்னிப்பெல்லாம் எதற்கம்மா. இரண்டும் வேறு வேறு. மத்திய வங்கி வெளியிடுவது அதே அரசுப் பணத்தின் டிஜிட்டல் வடிவம். பஹாமாஸ் 2020 அக்டோபரில் சாண்ட் டாலர் என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தது, நைஜீரியா 2021ல் ஈ-நைரா. அங்கே பேனா மத்திய வங்கியின் கையில். பிட்காயினில் பேனா நிரந்தரமாக யார் கையிலும் இல்லை. இடையில் ஸ்டேபிள்காயின் என்று ஒன்று இருக்கிறது. ஒரு தனியார் நிறுவனம் டாலர் மாதிரியான பணத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு அதற்கு ஈடாக டோக்கன் வெளியிடும். அதில் அந்தக் கையிருப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் முழுக் கேள்வியும்.

#6 நிலாமுற்றம்

எல்லோரும் நல்ல விதமாக மாறிய கதை சொல்கிறீர்கள். என்னுடையதையும் எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

மூன்று வருஷம் சேர்த்த பிட்காயினை ஒரு எக்ஸ்சேஞ்சில், அதாவது நாணயங்களை வாங்கி விற்கும் தளத்தில், வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் காலையில் ஆப்பைத் திறந்தால் இருப்புத் தொகை சரியாகக் காட்டுகிறது, எடுக்கும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. ‘தற்காலிகப் பராமரிப்பு’ என்று போட்டிருந்தது. பதினோரு நாள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறையவே இல்லை, பைசா சுத்தமாக அப்படியே இருந்தது. பிறகு அந்தத் தளமே இல்லை.

பேரேடு ஐயா #2ல் எழுதியதை அன்று படித்திருந்தால் புரிந்திருக்கும். நான் பிட்காயின் வைத்திருக்கவில்லை. ‘உனக்கு இவ்வளவு தர வேண்டும்’ என்று அவர்கள் தங்கள் நோட்டில் எழுதிய ஒரு வரியை வைத்திருந்தேன். வங்கியிலாவது வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறது, கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. 2014ல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தபோதும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தபோதும் மாட்டியவர்கள் வைத்திருந்ததும் இதே மாதிரி ஒரு வரிதான்.

இப்போது வைத்திருப்பது கொஞ்சம்தான், அதைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி என்னிடமே இருக்கிறது. 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வாலட், அதாவது சாவியை வைத்திருக்கும் ஆப், அந்தச் சாவிக்கு ஈடாக 12 சொல் எடுத்துக் கொடுத்தது. பென்சிலால் தாளில் எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாக இரண்டு தடவை ஒப்பிட்டேன். பிறகு கொஞ்சம் போல அனுப்பிவிட்டு, வாலட்டை ஃபோனிலிருந்து அழித்தேன். அழிக்கும் பொத்தானை அழுத்த அரை மணி நேரம் ஆனது. தாளைப் பார்த்து 12 சொல்லையும் திரும்ப அடித்தேன், பன்னிரண்டாவது சொல் முடிந்ததும் தொகை மறுபடி வந்து நின்றது. அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தத் தாள் தொலைந்தால் கூப்பிட்டுக் கேட்க உலகத்தில் ஒருவரும் இல்லை. வேறு யாராவது பார்த்துவிட்டால் தடுக்கவும் ஒருவரும் இல்லை. சுதந்திரம் என்ற சொல்லை அதற்கு முன்னால் சுலபமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடிவதில்லை.

#7 வழிப்போக்கன்

நிலாமுற்றம் அக்கா, நடந்ததைக் கேட்க வருத்தமாக இருக்கிறது. எழுதியதற்கு நன்றி. அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். நான் வைத்திருப்பதும் இன்னும் எக்ஸ்சேஞ்சில்தான் இருக்கிறது. இந்த வாரம் மாற்றுகிறேன்.

#8 வெண்புறா

பொருளாதார வரலாறு கற்றுக்கொடுக்கிறேன். இந்த இழையில் பேசுகிறவர்கள் யோசித்துப் பேசுகிறீர்கள், அதனால்தான் எழுதத் தோன்றியது.

பணம் ஒரு பதிவு என்பது பிட்காயினோடு வந்த செய்தி இல்லை. பசிபிக்கில் யாப் என்ற தீவில் பெரிய பெரிய வட்டக் கற்களைப் பணமாக வைத்திருந்தார்கள். நடுவில் ஓட்டை, சிலது ஆள் உயரத்துக்கு மேல். கல் இருந்த இடத்திலேயே இருக்கும், யாருடையது என்ற பேச்சு மட்டும் மாறும். ஒரு குடும்பத்தின் கல் படகில் கொண்டுவரும்போது புயலில் கடலுக்குள் போய்விட்டது. ஊரே ஒப்புக்கொண்டதால் அதற்குப் பிறகும் அந்தக் கல்லின் மதிப்பு அந்தக் குடும்பத்திடமே இருந்தது என்று 1910ல் ஒரு பயணி எழுதி வைத்திருக்கிறார். கடலடியில் யாரும் பார்க்காத கல்! வழிப்போக்கன் கேட்ட கேள்விக்கு அந்தத் தீவு எப்போதோ பதில் வைத்திருந்தது.

என் கவலை வேறு. இதைப் படிப்பவர்களில் பலர் ஒரு கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். 1971 ஆகஸ்ட் 15ல் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டை அவிழ்த்தார், அன்றிலிருந்து உலகமே கெட்டுவிட்டது, பிட்காயின் மாதிரி மொத்தம் 2.1 கோடிக்கு மேல் போகாத பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று. அளவு கட்டுப்பட்ட பணம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நம்மிடம் வரலாறு இருக்கிறது. 1930களின் பெருமந்தத்தில் பணத்துக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டை முதலில் அவிழ்த்த நாடுகள்தான் முதலில் எழுந்தன. பிரிட்டன் 1931ல் விட்டது. பிரான்ஸ் 1936 வரை பிடித்துக்கொண்டிருந்தது, அதன் சிரமமும் அத்தனை நாள் நீண்டது. நெருக்கடியில் பணத்தை இளக்க முடியாவிட்டால் வேலை போவது சாதாரண மக்களுக்குத்தான். இளக்குவது என்றால் தேவைக்கேற்பப் பணத்தின் அளவைக் கூட்டுவது.

ஒரு விஷயம் கண்ணைத் திறக்கும்போது அந்த ஒளியிலேயே எல்லாவற்றையும் பார்க்கத் தோன்றும். என் மாணவர்களில் மிகக் கெட்டிக்காரர்களே இதில் மாட்டுகிறார்கள்.

#9 கல்தச்சன்

// நெருக்கடியில் பணத்தை இளக்க முடியாவிட்டால் வேலை போவது சாதாரண மக்களுக்குத்தான் //

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 1930கள் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2013 மார்ச்சில் சைப்ரஸில் வங்கிகளைக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் மூடினார்கள். பேங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் உபரித் தொகையில் 47.5 சதவீதத்தை வங்கியின் பங்குகளாக மாற்றிவிட்டார்கள். ஜிம்பாப்வேயில் பணத்தை அச்சடித்துக்கொண்டே போய், 2009ன் தொடக்கத்தில் நூறு டிரில்லியன் டாலர் நோட்டு வந்தது. இளக்க முடிகிறவர் அளவோடு இளக்குவார் என்பதற்கு யார் உத்தரவாதம்? ஒழுங்கான மத்திய வங்கி இருக்கும் நாட்டில் வாழ்பவருக்குப் பிட்காயின் ஒரு சூதாட்டமாகத் தெரியலாம். மூடிய வங்கியின் வாசலில் நின்றவருக்கு அப்படித் தெரியாது.

ஒரே விளக்கத்தில் மாட்டிக்கொள்வது பற்றிச் சொன்னது சரி. நானும் மாட்டியிருந்தேன். ‘மனிதர்களை நம்ப வேண்டாம், கணக்கை நம்பினால் போதும்’ என்று இரண்டு வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை உடைத்தது 2010 ஆகஸ்ட் 15ல் நடந்தது. மென்பொருளில் கூட்டல் வரம்பு மீறும் ஒரு பிழை. 74638ஆம் பிளாக்கில் யாரோ அதைப் பயன்படுத்தி, மொத்தமே 2.1 கோடி என்று வைத்திருக்கும் இடத்தில், 18,400 கோடி பிட்காயினைப் புதிதாக உருவாக்கிவிட்டார்கள். கணக்கு அதை ஏற்றுக்கொண்டது! கவனித்தது மனிதர்கள். மன்றத்தில் எழுதினார்கள், சடோஷி சில மணி நேரத்தில் திருத்தம் வெளியிட்டார், நோடு ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக அதைப் போட்டுக்கொண்டார்கள், அந்த பிளாக்கைத் தவிர்த்த பிளாக்குகளின் புதிய சங்கிலி நீண்டு பழையதை முந்தியது.

2.1 கோடி என்ற வரம்பு கல்லில் வெட்டியது என்று நினைத்திருந்தேன். அது நிற்பதற்குக் காரணம், அதை மாற்றும் மென்பொருளை ஓட்ட மாட்டோம் என்று பல ஆயிரம் பேர் தனித்தனியாக முடிவு செய்திருப்பது.

#10 வெண்புறா

இதைத்தான் நான் அரசியல் என்பேன், நல்ல அர்த்தத்தில். எத்தீரியம் என்ற இன்னொரு டிஜிட்டல் நாணய வலைப்பின்னலில் 2016ல் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தி டாவோ என்ற நிதியிலிருந்து ஒரு பிழை வழியாக அதன் நாணயமான ஈதரில் சுமார் 36 லட்சத்தை ஒருவர் உருவினார். ‘மென்பொருள் அனுமதித்தது, அதனால் அது செல்லும்’ என்றது ஒரு பக்கம். ‘இது திருட்டு, பதிவைத் திருத்துவோம்’ என்றது இன்னொரு பக்கம். பெரும்பான்மை திருத்தியது. மறுத்தவர்கள் பழைய சங்கிலியை எத்தீரியம் கிளாசிக் என்று இன்றும் ஓட்டுகிறார்கள். ஒரு நாட்டில் இப்படி முடியாது, ஒரே நிலத்தில் இரண்டு அரசியலமைப்பு ஓடாது. இங்கே முடிந்தது. இது எனக்கு உண்மையிலேயே புதிய செய்தி, ஒப்புக்கொள்கிறேன்.

மின்சாரம் பற்றியும் கேட்க வேண்டும். பிட்காயின் மைனிங்குக்கு, அதாவது புதிய பிளாக்குகளை எழுதும் வேலைக்கு, நடுத்தர நாடு ஒன்றின் அளவுக்கு மின்சாரம் போகிறது. எதற்காக?

#11 கல்தச்சன்

பக்கத்தை அடுத்து எழுதுவது யார் என்று தீர்மானிக்க. ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் ஹேஷ் வரும்வரை எண்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும், குறுக்குவழி கிடையாது. முதலில் கண்டுபிடிப்பவர் அடுத்த பிளாக்கை எழுதுகிறார், சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒருவர். 2016 பிளாக்குக்கு ஒருமுறை கஷ்டத்தின் அளவு தானாகச் சரிசெய்துகொள்ளும். பழைய பக்கத்தை மாற்ற நினைப்பவர் அதன் பின் வந்த எல்லாப் பக்கத்துக்கும் அந்த மின்சாரத்தை மறுபடி எரிக்க வேண்டும், அதனால்தான் யாரும் முயல்வதில்லை. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15ல் இதைக் கைவிட்டு, தங்கள் நாணயத்தைப் பணயம் வைப்பவர்கள் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதில் பணம் அதிகம் வைத்திருப்பவர்களுக்குச் செல்வாக்கும் அதிகம் என்பார்கள் பிட்காயின்காரர்கள். எனக்கு இன்னும் இதில் ஒரு முடிவு இல்லை, மின்சாரக் கணக்கு என்னையும் உறுத்துகிறது.

#12 மின்மினி

அண்ணா, பக்கத்தை யார் எழுதுவது என்பதற்கு ஏன் இவ்வளவு செலவு செய்ய வேண்டும்? எல்லோரும் நேர்மையாக எழுதிக்கொண்டால் போதாதா? இந்த இடம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை.

#13 பேரேடு

படித்தால் புரியாதம்மா, செய்து பார். நண்பர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் 10 புள்ளி. இரண்டு நாள் ஒருவருக்கொருவர் புள்ளி கொடுத்து வாங்குங்கள். யார் யாருக்குக் கொடுத்தாலும் நான்கு நோட்டிலும் எழுத வேண்டும். தலைவர் யாரும் கிடையாது, எந்த நோட்டும் மற்றதைவிட உசத்தி இல்லை. முடிந்ததும் நான்கையும் அடுக்கிப் பார்.

#14 மின்மினி

தாத்தா, செய்தோம். முதல் நாள் மதியமே நின்றுவிட்டது.

ஏழாவது வரி வரைக்கும் நான்கு நோட்டும் ஒன்றாகவே இருந்தன. தோழி ஒருத்தியிடம் 8 புள்ளி இருந்தது. மெசேஜில் எனக்கு 8 கொடுப்பதாக அனுப்பினாள். அதே நேரத்தில் இன்னொருத்திக்கும் 8 என்று அனுப்பியிருக்கிறாள், வேண்டுமென்றேதான், என்ன ஆகிறது பார்க்கலாம் என்று. என் நோட்டில் எட்டாவது வரி என் பெயரில் இருக்கிறது, அடுத்தது செல்லாது. மற்றவளுக்கு அவள் மெசேஜ் முதலில் வந்திருக்கிறது, அவள் நோட்டில் எனக்கு வந்தது செல்லாது. நான்காவது ஆளுக்கு இரண்டும் ஒரே நிமிஷத்தில் வந்திருக்கின்றன, எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் வரியைக் காலியாக விட்டிருக்கிறாள்.

நானும் பொய் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை. ஒரு மணி நேரம் பேசினோம். யாராவது ஒருத்தரைத் தலைவர் ஆக்கிவிடலாம் என்றாள் ஒருத்தி. ஏமாற்றியவளே, ‘அப்படியென்றால் என்னை ஆக்குங்கள்’ என்று கை தூக்கினாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போதைக்கு எட்டாவது வரி மூன்று நோட்டில் பென்சிலில் இருக்கிறது, ஒன்றில் காலியாக இருக்கிறது. ஒன்பதாவதை எழுதவில்லை. நாளைக்கு ஒரு தாயக்கட்டை கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கல்தச்சன் அண்ணா, ஆறு விழுகிறவர் அடுத்த வரியை எழுதலாம் என்று வைத்தால், நாங்கள் பார்க்காதபோது ஒருத்தி ஆறு விழுந்தது என்று சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது?